நிலமா, மெஷினா? ஊரில் கார் ஆலை வந்த பிறகு ஒரு குழப்பம்

துவாஸ் பாண்டி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் மெஷின்) ஓட்டுகிறேன். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சொந்த ஊர் ஒட்டப்பிடாரம் பக்கம். ஐடிஐ-யில் டர்னர் முடித்துவிட்டு வந்தவன். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நினைப்பு நாலைந்து வருடமாகவே உண்டு. கையில் 14 லட்ச ரூபாய் சேர்ந்திருக்கிறது.

2025 ஆகஸ்டில் தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தார்கள் அல்லவா? அன்றிலிருந்து எங்கள் அத்தானுக்குத் தூக்கம் இல்லை. "உன் காசில் ரோட்டோரமாக இரண்டு மனை வாங்கிப் போடு, ஐந்து வருடத்தில் மூன்று மடங்கு" என்று வாரத்துக்கு இரண்டு முறை போன் வருகிறது. அதற்கு அவர் காட்டும் சாட்சி சிங்கப்பூர். "நீ இருக்கிற ஊரில் என்ன செய்தார்கள்? சேற்று நிலத்தை மேடாக்கினார்கள், வரி வேண்டாம் என்றார்கள், வெள்ளைக்காரன் வந்தான். பக்கத்தில் நிலம் வைத்திருந்தவன் கோடீஸ்வரன் ஆனான். அதேதான் இங்கேயும்." இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் ஆசை வேறு. கோயம்புத்தூரில் ஒரு பழைய விஎம்சி மெஷின் (சிஎன்சி-யில் ஒரு வகை, உலோகத்தைச் செதுக்குவது) விலைக்கு வருகிறது. அதை வாங்கி, ஒரு ஷெட் வாடகைக்குப் பிடித்து, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகம் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் செய்யலாம் என்று பார்க்கிறேன். பெரிய ஆலை வந்தால் அதைச் சுற்றிச் சின்னப் பட்டறைகள் வளரும் என்றுதானே சொல்கிறார்கள். நிஜமாகவே வளருமா? சிங்கப்பூரின் முதல் பெரிய தொழிற்பேட்டையான ஜூரோங்கில் எப்படி நடந்தது? நேரில் பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்ததை வைத்து அத்தானிடம் வாதாடி வாய் வலிக்கிறது.


சிராங்கூன் ரமேஷ்:

நிலத்தை வாங்குங்கள் பாஸ். மெஷின் துருப்பிடிக்கும், நிலம் துருப்பிடிக்காது.


பழைய ஃபிட்டர்:

தம்பி, முதலில் உங்கள் அத்தானுக்கு ஒரு தகவல். ஜூரோங் பக்கம் நிலம் வைத்திருந்து கோடீஸ்வரன் ஆன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 1966-இல் நில எடுப்புச் சட்டம் வந்தது. அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டு, தான் கணக்குப் போட்ட விலையைக் கொடுத்தது. தொழிற்சாலைக்காரருக்கும் அந்த நிலத்தை விற்கவில்லை. குத்தகைதான், 30 வருடம், 60 வருடம் என்று. ஆலை வருகிறது என்று காதில் விழுந்தவுடன் மனை வாங்கிப் போடும் வியாபாரத்துக்கு இங்கே இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள். அது நியாயமா என்பது வேறு பேச்சு. பன்றிப் பண்ணையையும் காய்கறித் தோட்டத்தையும் இழந்த குடும்பங்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். ஆனால் அத்தான் சொல்லும் சிங்கப்பூர் கதையில் அவர் மாதிரி ஆளுக்கு வேடமே கிடையாது.

அடுத்தது வரி. புதுத் தொழில்களுக்கு ஐந்து வருட வரிவிலக்கு என்ற சட்டம் 1959-லேயே வந்துவிட்டது. 1961-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கினார்கள். வின்சிமியஸ் என்ற டச்சுக்காரர் ஐநா குழுவோடு வந்து அறிக்கை கொடுத்திருந்தார். ஜூரோங்கில் குன்றை வெட்டிச் சதுப்பை நிரப்பினார்கள், இரும்பாலையும் வந்தது. அப்படியும் அறுபதுகளின் நடுவில் நிறைய நிலம் காலி. நிதியமைச்சர் கோ கெங் சுவீ பெயரைச் சொல்லி, இது கோவின் முட்டாள்தனம் என்று ஊரே சிரித்தது. இந்தத் திட்டம் தோற்றால் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். வரிவிலக்கும் நிலமும் மட்டும் போதும் என்றால் 1964-லேயே ஜூரோங் நிரம்பியிருக்க வேண்டாமா?

அப்போதைய கணக்கு மலாயாச் சந்தையை நம்பியது. வெளிநாட்டுப் பொருளுக்குச் சுங்கம் போட்டுவிட்டு, இங்கே செய்து அங்கே விற்பது. 1965-இல் மலேசியாவை விட்டுப் பிரிந்ததும் அந்தக் கணக்கு படுத்துவிட்டது. இருபது லட்சம் பேருக்குக்கூட இல்லாத சந்தைக்கு யார் ஆலை வைப்பார்கள்? அப்புறம்தான் உலகத்துக்கே செய்து அனுப்புவோம் என்று திரும்பினார்கள். 1967-இல் ஏற்றுமதி லாபத்துக்கான வரி 40 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கியது. 1968-இல் வேலைவாய்ப்புச் சட்டம் வந்து தொழிற்சங்கங்களின் கையைக் கட்டியது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் மாமா சங்கத்துக்காரர், கடைசிவரை அந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். அதே வருடம் நேஷனல் செமிகண்டக்டர் வந்தது, அடுத்து டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்.

இதெல்லாம் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஃபிட்டர். தளத்தில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரன் 1971-க்குள் போய்விடுவேன் என்று அறிவித்தபோது எனக்குப் பத்து வயது. வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. குவார்ட்டர்ஸ் போய்விடும், ஊருக்குத்தான் திரும்ப வேண்டும் என்று அம்மா பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். ஆனால் அரசாங்கம் அந்தப் பட்டறைகளையும், கப்பலை நிறுத்தித் தண்ணீரை வடித்துப் பழுதுபார்க்கும் உலர் துறையையும் உடைக்கவில்லை. அப்படியே வணிகக் கப்பல் பட்டறையாக மாற்றியது. நேற்றுவரை போர்க்கப்பலுக்கு வால்வு பழுதுபார்த்த அப்பா, எண்ணெய்க் கப்பலுக்குப் பழுதுபார்த்தார். கொடி மாறியது, ஸ்பேனர் மாறவில்லை.

1975-இல் நான் டாடாவும் அரசாங்கமும் சேர்ந்து நடத்திய பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் மெஷினைத் தொடவே விடவில்லை. ஒரு இரும்புக் கட்டி, ஒரு அரம், ஒரு வைஸ். கட்டியை ஆறு பக்கமும் சதுரமாக ராவ வேண்டும். வாத்தியார் மட்டம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பார். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால், ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொப்பளம் உடைந்து அரப் பிடியெல்லாம் ரத்தம். என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் ஓடியே போனார்கள்.

அந்த ஏற்பாடுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. நிலமும் கட்டடமும் பெரும்பகுதிச் செலவும் அரசாங்கத்துடையது. வாத்தியாரும் பாடமும் கம்பெனியுடையது. கம்பெனி தனக்கு வேண்டியதைவிட அதிகம் பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மிச்சப் பேர் வேறு கம்பெனிகளுக்குப் போவார்கள். நாங்கள் அரசாங்கத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தோம், கம்பெனிக்கு அல்ல. டாடாவை அடுத்து ரோலை கேமராவோடும் பிலிப்ஸோடும் இதே மாதிரி நிலையங்கள் வந்தன.

ரோலை ஜெர்மனியில் நொடித்து, 1981-இல் இங்கேயும் மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆலையை மட்டும் பார்த்தால் பெருந்தோல்வி. ஆனால் லென்ஸ் குழலுக்கு மைக்ரான் கணக்கில் கடைந்து பழகிய கைகள் ஊரில்தானே இருந்தன? மறு வருடம் கம்ப்யூட்டருக்கு டிஸ்க் டிரைவ் செய்யும் சீகேட் வந்தது, அதன் பின்னாலேயே மற்ற டிஸ்க் டிரைவ் கம்பெனிகளும் வந்தன. நான் அப்போது காலாங்கில் ஓர் அடுக்குமாடித் தொழிற்கூடத்தில், ஒரு ஹொக்கியன் சீனத் தௌக்கேயிடம் (முதலாளியிடம்) வேலை செய்தேன். எட்டுப் பேர், நாலு மெஷின். ரோலையில் இருந்த இரண்டு பேரை தௌக்கே கூட்டிவந்தார். அவர்கள் வந்த ஆறு மாதத்தில் எங்கள் பட்டறையின் தரமே மாறிவிட்டது. நாங்கள் சரி என்று நினைத்ததை எல்லாம் அவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கற்றுக்கொண்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், சின்னப் பட்டறை வளருமா என்று. எங்களுக்கு டிஸ்க் டிரைவ் கம்பெனி முதலில் கொடுத்தது டிரைவின் பாகம் இல்லை, தள்ளுவண்டி. அப்புறம் தட்டு அடுக்கும் ரேக், பெண்கள் உட்கார்ந்து பாகங்களைப் பூட்டும் மேசைக்கு ஜிக் (பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் தாங்கி). ஒன்றரை வருடம் கழித்துத்தான் ஒரு சின்ன அலுமினியத் துண்டு, ஐநூறு உருப்படி. அளவு எல்லாம் கச்சிதமாக இருந்தது. முழுவதையும் திருப்பி அனுப்பினார்கள். காரணம் விரல் ரேகை. டிரைவுக்குள் கை எண்ணெய் பட்ட உலோகம் போகக்கூடாதாம். அதைத் தாளில் எங்கும் எழுதவில்லை, யாரும் வாயால் சொல்லவும் இல்லை. தௌக்கே அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை.

1986-இல் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெரிய கம்பெனி தன் எஞ்சினியர் ஒருவரை எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு உதவ ஒதுக்க வேண்டும், அவர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். எங்களுக்கு வந்தவர் முதல் வேலையாகக் கையுறை வாங்கச் சொன்னார், இரண்டாவதாகத் தரையைக் கழுவச் சொன்னார். விரல் ரேகை மாதிரி, தாளில் இல்லாத முப்பது நாற்பது விஷயம் அவர் வாயிலிருந்துதான் வந்தது. இந்த மாதிரி ஒருவர் உங்கள் ஷெட்டுக்கு வருவாரா, அவர் சம்பளத்தை யார் கொடுப்பார்கள்? மெஷின் விலையை விசாரிப்பதற்கு முன்னால் இதை விசாரியுங்கள்.


பிறை கமலா:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நான் மலேசியாவில் பினாங்கு, பிறை பக்கம். இங்கே வந்து பதினெட்டு வருடம், உட்லண்ட்ஸில் ஒரு சிப் ஆலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன்.

அம்மா 1974-இல் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சேர்ந்தார். 1969-இல் பினாங்கின் தீர்வையில்லாத் துறைமுக அந்தஸ்தை எடுத்துவிட்டார்கள். தீவே வேலையில்லாமல் கிடந்தது. முதலமைச்சர் லிம் சோங் இயூ சிங்கப்பூர் பாணியில் ஆள் தேடிப் போனார். 1972-இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. இண்டெல், ஏஎம்டி, எச்பி, போஷ், ஹிட்டாச்சி எல்லாம் அங்கே முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளில் அடக்கம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். திடீரென்று நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டும் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ், அப்புறம் ஃபெர்ரி, அப்புறம் இன்னொரு பஸ். பாலம் 1985-இல்தானே வந்தது. நாற்பது வயதில் அவருக்குக் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் படித்தோம். இரண்டும் உண்மை.

அண்ணன் சொல்லும் பயிற்சி விஷயம் எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. 1989-இல் கம்பெனிகளே சேர்ந்து ஒரு திறன் மேம்பாட்டு நிலையம் தொடங்கின. மாநில அரசு இடம் கொடுத்தது. சந்தையில் அடித்துக்கொள்ளும் கம்பெனிகள், ஒரே மேசையில் உட்கார்ந்து என்ன பாடம் வைப்பது என்று பேசின. அதற்குள் பதினேழு வருடம் ஓடிவிட்டது. அம்மாவுக்கு அது பயன்படவில்லை, என் தம்பிக்குப் பயன்பட்டது.

பாண்டி, கொள்முதல் ஆளாக ஒன்று சொல்கிறேன். பெரிய ஆலை உங்களிடம் நேரே வாங்காது. நான்கூட புதுப் பட்டறைக்கு ஆர்டர் போட நினைத்தாலும் முடியாது. ஆடிட், தரச் சான்றிதழ், மூன்று வருடக் கணக்கு என்று பட்டியல் நீளும். ஹூண்டாய் 1998-இல் ஸ்ரீபெரும்புதூரில் காரை வெளியே விட்டபோது தன் கொரிய சப்ளையர்களையும் கூடவே கூட்டிவந்தது. எல்லா கார் கம்பெனியும் அதைத்தான் செய்யும். நீங்கள் சப்ளையருக்கு சப்ளையராக நுழைய வேண்டும். அங்கே பணம் 90 நாள் கழித்து வரும். இந்தியாவில் சின்ன நிறுவனங்களுக்கு 45 நாளில் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்பதையும் யோசியுங்கள். 14 லட்சத்தில் பன்னிரண்டை மெஷினில் போட்டுவிட்டால் மூன்று மாதம் கரண்ட் பில் எப்படிக் கட்டுவீர்கள்?


அங் மோ கியோ வாத்தியார்:

பழைய ஃபிட்டர் ஐயாவோடு பாதி ஒத்துப்போகிறேன். பாதியில் மறுப்பு.

கைத்திறன் இருந்தால் ஆலை வரும் என்று யாராவது புரிந்துகொள்ளப் போகிறார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிக்கும் ஐடிஐ-க்கும் பஞ்சமா? படித்துவிட்டுக் கைப்பேசி ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? ஆள் கேட்கும் ஆலை முதலில் வேண்டும். வங்கதேசத்தைப் பாருங்கள். 1979-இல் தேஷ் என்ற ஒரே கம்பெனி தென்கொரியாவின் டேவூவோடு ஒப்பந்தம் போட்டு, 130 பேரை பூசானுக்கு அனுப்பித் தையல் ஆலை வேலை கற்கச் சொன்னது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலானோர் சில வருடத்தில் தேஷை விட்டுப் போய், சொந்தமாகவோ வேறு முதலாளியிடமோ ஆலை தொடங்கினார்கள். இன்றைக்கு அந்த நாடு உலகத்துக்கே சட்டை தைக்கிறது. தேஷுக்குக் கைநஷ்டம், நாட்டுக்கு லாபம். ஆனால் சட்டைக்கு வெளிநாட்டில் வாங்குபவர் காத்திருந்தார், அதனால்தான் அந்த 130 பேரின் கைக்கு விலை கிடைத்தது.

இன்னொன்று. சிங்கப்பூர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தது போல ஒரு தோற்றம் வருகிறது. 1979-இல் மலிவு வேலைகளைத் துரத்துவதற்காகத் தேசிய சம்பள மன்றம் மூன்று வருடம் சம்பளத்தை வேகமாக ஏற்றியது. 1985-இல் பொருளியல் சுருங்கியது. அதற்கு அது மட்டும் காரணம் இல்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். மறு வருடம் முதலாளி கட்டும் மசேநி (மத்திய சேம நிதி, ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பு) பங்கை 25 சதவீதத்திலிருந்து 10-ஆகக் குறைக்க வேண்டியதாயிற்று. ஊழியர்களின் சேமிப்பில்தான் கை வைத்தார்கள். 1994-இல் சீனாவின் சூசோவில் இதே ஜூரோங்கை அச்சு எடுத்தாற்போல் தொழிற்பேட்டை கட்டப் போனார்கள். பக்கத்திலேயே சூசோ நகராட்சி சொந்தப் பேட்டை நடத்திப் போட்டி போட்டது. 2001-இல் சிங்கப்பூர் தன் பங்கை 65-லிருந்து 35 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது. அப்புறம் அந்தப் பேட்டை நன்றாக வளர்ந்தது என்பது வேறு கதை.


பழைய ஃபிட்டர்:

வாத்தியார் சொல்வது சரி. ஆள் கேட்கும் ஆலை இல்லாவிட்டால் என் அரமும் வீண்தான். ஆனால் சான்றிதழும் கையும் ஒன்றல்ல. ரீசார்ஜ் கடைக்காரர் கையில் யாரும் அந்த இரும்புக் கட்டியைக் கொடுக்கவில்லை. பாண்டி, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் ஐடிஐ-யில் எத்தனை லேத், எத்தனை மாணவர்கள்?

1985 பற்றி நானும் மறக்கவில்லை. எங்கள் தௌக்கே எட்டுப் பேரில் மூவரை நிறுத்தினார். நான் நாலாவது ஆள்.

கைவிடத் தெரிவதும் ஒரு விஷயம். அறுபதுகளில் இங்கேயும் சுங்க வேலி போட்டுக் கார் பூட்டினார்கள். புக்கிட் தீமா ஃபோர்டு ஆலை 1980-இல் மூடியது. இந்தச் சின்ன ஊருக்குக் கார் செய்வது கட்டாது என்று விட்டுவிட்டார்கள், யாரும் அழவில்லை. மலேசியா அதற்கு நேர்மாறாக 1983-இல் புரோட்டோன் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால் 2023-இல் ஜூரோங்கிலேயே ஹூண்டாய் மின்சாரக் கார் பூட்டத் தொடங்கியது, ரோபோக்களை வைத்து. என் பேரன் பள்ளிச் சுற்றுலாவில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தாத்தா, அங்கே ஃபிட்டரே இல்லை" என்றான். அந்த ரோபோவின் கைக்கு, பொருளைப் பிடிக்கும் கிரிப்பரை யார் கடைந்து கொடுத்தார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். எனக்கும் தெரியாது, ஆனால் யாரோ கடைந்திருக்கிறார்கள்.


துவாஸ் பாண்டி:

ஐயா, ஐடிஐ-யில் ஆறு லேத் இருந்தது. ஓடியது இரண்டு. ஒரு பேட்ச்சில் இருபது பேர். நான் லேத்தை ஒழுங்காகத் தொட்டது இங்கே வந்த பிறகுதான்.

கமலா அக்கா, நீங்கள் கேட்ட கரண்ட் பில் கணக்கு என்னிடம் இல்லை. நேற்று ராத்திரி டார்மிட்டரியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஷெட் வாடகை, கரண்ட், டூலிங், ஒரு ஹெல்ப்பர் சம்பளம் என்று மூன்று மாதத்துக்குப் போட்டால் விஎம்சி வாங்கவே முடியாது. பழைய லேத் ஒன்றும் வெல்டிங் செட்டும்தான் கட்டுப்படியாகும்.

அத்தானிடம் நில எடுப்புச் சட்டத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் "அது அந்தக் காலம்" என்றார். நோக்கியாவைச் சொன்னேன். 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது, 2014-இல் மூடியது, எட்டே வருடம். மூடிய ஆலையைச் சுற்றி வாங்கின மனையை என்ன செய்வது? அதற்கு அவர், "அதே கட்டடத்தில் அப்புறம் சார்ஜர் கம்பெனி வந்துவிட்டதே" என்கிறார். அதுவும் உண்மைதான். அவர் கையில் இணையம் இருப்பது எனக்குத்தான் கஷ்டம்.

தூத்துக்குடி ஆலையை வருடத்துக்கு 50,000 கார் அளவில் தொடங்கியிருக்கிறார்கள். பெட்டியில் வரும் பாகங்களைப் பூட்டும் வேலைதான். அப்படியானால் வெளியே கொடுக்க என்ன வேலை இருக்கும்?


பழைய ஃபிட்டர்:

பெட்டியில் வந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும், இறக்க வேண்டும், அடுக்க வேண்டும், லைனுக்குத் தள்ள வேண்டும். முன்னே சொன்னதையே சொல்கிறேன், தள்ளுவண்டி.

ஆலை வாசலில் போய் நிற்க வேண்டாம், கமலா சொன்ன மாதிரி உள்ளே விடமாட்டார்கள். துறைமுகம் பக்கம் கிடங்குகள் உண்டு, லாரி செட்டுகள் உண்டு. உப்பளத்தில் பம்ப் ஷாஃப்ட் தேயும். மீன் பதனிடும் இடத்தில் கன்வேயர் ரோலர் உடையும். இந்த ஆலை வந்தாலும் போனாலும் அவையெல்லாம் உடைந்துகொண்டேதான் இருக்கும். அத்தானுக்கு நிலம் பார்த்து அலையத் தெம்பு இருக்கிறது அல்லவா? அந்த அலைச்சலை இதற்குத் திருப்புங்கள். பத்து இடத்துக்குப் போய், "போன மாதம் எது உடைந்தது, யாரிடம் கொடுத்தீர்கள், எத்தனை நாள் நின்றது?" என்று மட்டும் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கோயம்புத்தூருக்கு அனுப்பி வாங்கினோம் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.


துவாஸ் பாண்டி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஓவர்டைம்.

அத்தான் முதலில் முறைத்தார். அப்புறம் புல்லட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், ஏழு இடம் போயிருக்கிறார். நாலு பேர் பேசவே இல்லை. இரண்டு பேர் மதுரையில் கொடுத்து வாங்குகிறார்கள். ஏழாவது ஒரு கிடங்கு. அங்கே இருபத்திரண்டு தள்ளுவண்டி இருக்கிறது, ஒன்பது நொண்டி. சக்கரம் பிடிக்கும் தகடு கிழிந்துவிடுகிறதாம். ஒரு வண்டியில் அரை டன் ஏற்றுகிறார்கள். மேனேஜர் ஒரு வண்டியைச் சரிசெய்து காட்டு, அப்புறம் பேசலாம் என்றாராம். அத்தான் என்னைக் கேட்காமலேயே சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன் ஐயா. தகடு 4 மில்லிமீட்டர். 6 போட்டால் போதுமா?


பழைய ஃபிட்டர்:

தகடு கிழியவில்லை தம்பி, வெல்டிங் ஓரத்தில்தான் விட்டிருக்கிறது. 6 போட்டாலும் அதே இடத்தில் விடும். உள்பக்கம் ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் படம் மங்கலாக இருக்கிறது. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சக்கரத்தின் விட்டமும் வேண்டும்.